"இதனால் என்னம்மா பயன்?" – அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். பழனி மலையடிவாரத்தில் 31 வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் சிலரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். மதியம் கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து ஊறுகாயைப் பங்கு போட்டிருக்கிறேன். அதனால் இதைச் சண்டைக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

2024ல் நடந்த ஒரு கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளி, யார் நடுவர் என்பதெல்லாம் வேண்டாம். எங்கு வேண்டுமானாலும் நடந்திருக்கக் கூடியதுதான். அரங்கில் நுழைந்ததும் வழக்கமான காட்சிகள். சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி இயக்கும் அட்டை ஜேசிபி. சோடா உப்பும் வினிகரும் பொங்குகிற எரிமலை. தெர்மாகோலில் மழைநீர் சேகரிப்பு. கையை நீட்டினால் மூடி திறக்கும் ஸ்மார்ட் குப்பைத்தொட்டி மட்டும் நாலு. கடைசி வரிசையில், ஃபேன் ஓடாத மூலையில், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு இவற்றோடு நின்றிருந்தாள். சார்ட்கூட இல்லை.

நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்கு ஒரு வட்டம், காம்பஸால் போட்டது. வட்டத்துக்குள் பென்சில் புள்ளிகள். ஓரத்தில் தேதி, நேரம், மேகம் இருந்ததா இல்லையா என்ற குறிப்பு. எல்லாம் சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரை நாற்காலி முதுகில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு பக்கத்தை அட்டையால் அடைத்து, மறுபக்கம் வழியாக விழுகிற சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் பிடித்து வரைந்திருக்கிறாள். (பைனாகுலருக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது சார், கண்ணு போயிடும், தாளில் விழுறதைத்தான் பார்க்கணும் என்று எனக்கே பாடம் எடுத்தாள்.) மே மாத விடுமுறையில் ஆரம்பித்தது. அந்த வருஷம் சூரியனில் புள்ளிகள் மலிந்திருந்த வருஷம். சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை வரும் உச்சம். அந்த வகையில் அவள் அதிர்ஷ்டக்காரி.

புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரே பக்கமாக நகர்வதை அவள் முதலில் கவனித்திருக்கிறாள். நடுவில் இருக்கும்போது வேகமாக நகரும் புள்ளி, விளிம்புக்குப் போகப் போக மெதுவாகிறது. அகலமாக இருந்தது ஒடுங்கிக் கோடு மாதிரி ஆகிறது. ஏன் என்று கேட்டேன். ஒரு ரப்பர் பந்தை எடுத்தாள். அதில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மெதுவாகத் திருப்பினாள். "ஓரத்துக்குப் போறப்ப பொட்டு இப்படித்தான் சார் ஒடுங்கும். அப்ப புள்ளி சூரியன் மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு. முன்னாடி தனியாப் பறக்கலை."

எனக்குப் புல்லரித்துவிட்டது. 1612-13ல் கலிலியோ வைத்த வாதம் இது. ஷைனர் என்ற பாதிரியார் அந்தப் புள்ளிகள் சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளிம்பில் அவை ஒடுங்குவதைக் காட்டித்தான் கலிலியோ அவரை மறுத்தார். இந்தச் சண்டை நம் பாடப் புத்தகத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு பந்தும் பொட்டும் மட்டுமே.

அப்புறம் உங்களில் ஒருவர் வந்தார். நோட்டைத் திறக்கவில்லை. "இதனால் என்னம்மா பயன்? மக்களுக்கு எப்படி உதவும்?" என்றார். "தெரியலை சார்" என்றாள் அவள். உண்மையைச் சொன்னாள். "அடுத்த வருஷம் ஏதாவது பிரயோஜனமாச் செய்யணும், என்ன?" என்று தோளில் தட்டிவிட்டு அவர் நகர்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விளிம்பில் மறைந்துபோன ஒரு பெரிய புள்ளிக்கு அதன் பிறகு என்ன ஆனது என்று அவள் சொல்ல வாயெடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பரிசு ஸ்மார்ட் குப்பைத்தொட்டிக்குப் போனது. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. சென்சார் எப்படிக் கையைக் கண்டுபிடிக்கிறது என்று அவனிடம் கேட்டேன், தெரியவில்லை. நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது, வௌவால் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது என்றதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வௌவாலைப் பற்றி வரிசையாக நாலு கேள்வி கேட்டான். அவனுக்குள்ளும் ஆர்வம் இருக்கத்தான் செய்கிறது. நாம்தான் அதைக் கேட்காமல் தொட்டியைக் கேட்டோம். அந்தக் கிட் கடையில் விற்கிறது. வாங்க முடிகிற வீட்டுப் பிள்ளைக்குப் 'புத்தாக்கம்' சுலபம். நம் மதிப்பெண் தாளில் இருக்கும் 'சமூகப் பயன்' என்ற கட்டம் பல நேரம் அப்பாவின் பர்ஸைத்தான் அளக்கிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், அரைகுறைதான். பல வருஷம் முன்னால் நானும் நடுவராக இருந்த ஓர் அரங்கில், ஒரு பையன் ஆறு கண்ணாடி டம்ளரில் இட்லி மாவை ஊற்றி, மணிக்கொரு தரம் ஸ்கேல் வைத்து எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று அளந்து கொண்டுவந்திருந்தான். மழைநாளில் மாவு ஏன் சீக்கிரம் புளிக்க மாட்டேன் என்கிறது என்பது அவன் கேள்வி. டம்ளர் ஒன்றை அடுப்புப் பக்கத்தில் வைத்தும், ஒன்றைத் துணி சுற்றியும் பார்த்திருந்தான். "இதுல புதுசா என்னப்பா கண்டுபிடிச்சே?" என்று கேட்டவன் நான்தான். அவனுக்கு ஆறுதல் பரிசுகூடக் கொடுக்கவில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் உங்களைக் கேட்கிற கேள்வி எல்லாம் என்னையும் சேர்த்துத்தான்.

சரி, "என்ன பயன்" என்று கேட்பதே தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கில் மக்கள் பணத்தைக் கேட்டு வரும் திட்டத்திடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு எப்போது, எங்கிருந்து பதில் வரும் என்பது நம் கையில் இல்லை. வேறெங்கும் போக வேண்டாம். அந்தக் கண்காட்சி நடந்த அரங்கின் வாசலில் நின்றால் கொடைக்கானல் மலை தெரியும். அங்கே சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 120 வருஷத்துக்கு மேலாக, அந்தப் பிள்ளை செய்த வேலையைத்தான் ஒரு சூரிய ஆய்வகம் செய்துகொண்டிருக்கிறது. அது அங்கே வந்த காரணமே "என்ன பயன்" என்ற கேள்விதான்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிகள் அவர்கள் பாட்டி சொல்லக் கேட்டதைச் சொல்லியிருப்பார்கள். 1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாகச் செத்தவர்கள் அரைக்கோடிக்கு மேல் என்பது கணக்கு. அந்தச் சமயத்தில், 1877ல், அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் ஹன்ட்டர், மதராஸின் மழைக் கணக்கையும் சூரியப் புள்ளிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புள்ளி குறையும் வருஷங்களில் மழையும் குறைகிறது என்று எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியனை ஒழுங்காகக் கவனித்து வந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி எது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். அந்தப் பஞ்சத்தின் நடுவிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று, நிவாரணத்தைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மழை பொய்த்தது உண்மை. மக்கள் செத்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. குற்றவாளி 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சங்கடமே இல்லை அல்லவா? ஹன்ட்டர் அந்த நினைப்பில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'சமூகப் பயன்' என்று முத்திரை குத்தி வருகிற கேள்வி, சமூகத்தில் யாருக்கு வசதியானது என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

எப்படியோ, பஞ்சத்தை ஒட்டி எழுந்த பேச்சுகளும் குழுக்களும் சேர்ந்து, மதராஸ் நுங்கம்பாக்கத்தில் 1792லிருந்து இருந்த வானிலாய்வகத்தின் வேலை 1899ல் கொடைக்கானலுக்கு ஏறியது. அப்போது அந்த மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. கருவிகளை மலைப்பாதையில் ஆட்கள் முதுகிலும் தோளிலும் சுமந்துதான் ஏற்றியிருக்க வேண்டும். அவர்கள் பேர் எந்த அறிக்கையிலும் இருக்கப்போவதில்லை. அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு என்று மேடையில் பேசும்போது எனக்கு முதலில் அந்தச் சுமைகாரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

1907ல் ஜான் எவர்ஷெட் அங்கே வேலைக்கு வந்தார். அவர் மனைவி மேரியும் வானியலாளர். சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர் 1908ல்தான் கண்டுபிடித்திருந்தார். புள்ளி என்பது ஒரு பெரிய சுழலாக இருக்கும் என்பது அப்போது இருந்த எண்ணம். 1909 ஜனவரியில் எவர்ஷெட் ஒரு புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுத்துப் பார்த்தார். நிறமாலையில் குறுக்கே வரும் கருங்கோடுகள் புள்ளியின் ஒரு பக்கம் ஊதாப் பக்கமாகவும் மறுபக்கம் சிவப்புப் பக்கமாகவும் கொஞ்சம் சாய்ந்திருந்தன. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்றும் தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதே சங்கதி ஒளியில். கணக்குப் போட்டால் சுழல் இல்லை. புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நாலாபுறமும், நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வாயு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததை அவர் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க அது 'எவர்ஷெட் விளைவு'. நம் மலையில் கண்டுபிடித்தது.

இதனால் மழை வந்ததா? இல்லை. ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

மழைக் கேள்வி வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். கொடைக்கானல் ஆய்வகமும் அவர் பொறுப்பில்தான் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பூமராங் ஏன் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்ததால் அங்கே அவருக்கு 'பூமராங் வாக்கர்' என்றே பட்டப்பேர். (நம் கண்காட்சிக்குப் பூமராங்கைக் கொண்டுவந்திருந்தால் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.) சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை அவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார். நம்பிப் பயிர் வைக்கும் அளவுக்கு அதில் பலமில்லை. அப்புறம் உலகம் முழுவதிலுமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை என்று கிடைத்த எண்களையெல்லாம் வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஊழியர்களை வைத்துக் கையாலேயே கணக்கிட்டார். பசிபிக் கடலின்மேல் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, ஒரு பெரிய ஊஞ்சல் மாதிரி. 1924ல் அதற்குத் 'தென் அலைவு' என்று பேர் வைத்தார். ஏன் அப்படி என்று அவரால் சொல்ல முடியவில்லை. பருவமழையை நிச்சயமாக முன்னறிவிக்கவும் முடியவில்லை. காரணமில்லாத வெறும் எண் விளையாட்டு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 1969ல் ஜேக்கப் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் அதைப் பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவோடு சேர்த்து விளக்கினார். வாக்கர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இன்றைக்கு மே மாதம் வந்தால், மழை எப்படி இருக்கும் என்று பார்க்க, எல் நினோவா, அதற்கு எதிராகக் கடல் குளிரும் லா நினாவா என்று பெட்டிக்கடையில் பேப்பர் படிக்கிற விவசாயிகூடப் பேசுகிறார். தாது வருஷத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலின் ஒரு பாதி, சூரியனைப் பார்த்தவர்களிடம் இல்லாமல், பசிபிக் கடலைக் கணக்கெடுத்தவர்களிடம் கிடைத்தது. அதற்கு 90 வருஷத்துக்கு மேல் ஆனது. மதிப்பெண் தாளில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அப்போ சூரியனைப் பார்த்தவர்கள் வீணா? அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேகம் விட்ட நாளெல்லாம் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே மலையிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் உலகத்தில் அபூர்வம். அவற்றையெல்லாம் இப்போது டிஜிட்டலாக மாற்றி, எங்கெங்கோ இருக்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடித் தட்டில் அன்றைக்குப் படமெடுத்தவர்கள் செயற்கைக்கோளை நினைத்து எடுக்கவில்லை.

ஆனால் செயற்கைக்கோள் வந்துவிட்டது, மின்தொகுப்பு வந்துவிட்டது. 1989 மார்ச்சில், புள்ளிகள் கூட்டமாக இருந்த இடத்திலிருந்து கிளம்பிய ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் உட்கார வைத்தது. இந்தியா 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலத்தை ஏவியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அது சூரியனைக் கவனிக்கிறது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். அதில் இருக்கும் முக்கியக் கருவியான, சூரியனின் வெளிவளையத்தைப் படமெடுக்கும் விஈஎல்சியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகம் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. மலையில் ஏற்றிய சுமை ஒருவழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பிள்ளையின் நோட்டில் 2024 மே முதல் இரு வாரப் பக்கங்களில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு இருந்தது. புள்ளி என்றே சொல்ல முடியாது. பல புள்ளிகள் கூட்டமாக ஒட்டிக் கிடந்தன. நம் பூமியைப்போல் பதினைந்தை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. வானியலாளர்கள் அதற்கு 3664 என்று எண் கொடுத்திருந்தார்கள். அந்தத் திட்டிலிருந்து கிளம்பிய புயல்தான் மே 10, 11 இரவுகளில் பூமியைத் தாக்கியது. லடாக்கில் ஹன்லே மலை மேல் வானம் சிவந்தது; துருவப் பக்கம் மட்டுமே தெரியும் ஒளி அங்கே தெரிந்தது. அமெரிக்காவில் அது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் தடுமாறி, பல விவசாயிகள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. "மக்களுக்கு எப்படி உதவும்?" என்று கேட்டவர் நோட்டைத் திறந்திருந்தால் அந்தத் திட்டு அவர் கண்ணில் பட்டிருக்கும். அதற்கும் டிராக்டருக்கும் என்ன தொடர்பு என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கே வீட்டுக்கு வந்து தேதியை ஒத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அரசியலமைப்பில் 1976ல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் ஆராய்ந்தறியும் உணர்வை வளர்ப்பதும் ஒன்று. அதை நாம் சுவரில் எழுதி வைக்கிறோம். பிள்ளை ஆராய்ந்துவிட்டு வந்து நின்றால், எதற்கு ஆராய்ந்தாய் என்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'சமூகப் பயன்' கட்டத்தைப் பெரிய வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதை எடுத்துவிட்டு, 'தானாகக் கேட்ட கேள்வி' என்று ஒன்று போடுங்கள். மாடலைப் பார்ப்பதற்கு முன் நோட்டைக் கேளுங்கள். அடித்து எழுதிய, ரப்பரால் அழித்துப் பொத்தல் விழுந்த நோட்டாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். "நீ நினைத்ததற்கு மாறாக ஏதாவது வந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், கடையில் வாங்கிய கிட்டுக்கு அதில் பதில் இருக்காது. ஒரு மேசைக்கு இரண்டு நிமிஷம் போதாது என்பது உங்களுக்கும் தெரியும். மதியத்துக்குள் முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் நடுவர்களைக் கூட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இலவசமாக வந்து உட்காரவும் தயார். தயிர்சாதம் போதும்.

அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. வரைவதை நிறுத்தவில்லை, இரண்டாவது நோட்டு ஓடுகிறது. இந்த வருஷமும் வருவாள் என்று நினைக்கிறேன். மே நடுவில் விளிம்பில் மறைந்த அந்தப் பெரிய திட்டு, இரண்டு வாரம் கழித்து மறுவிளிம்பில் எட்டிப் பார்த்ததாகச் சொல்கிறாள். அன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான். போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று உனக்கு எப்படித் தெரியும், வேறொரு புது திட்டாக இருக்கக் கூடாதா என்று நான் மடக்கினேன். அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள், பந்தையும் பொட்டையும் வைத்துத்தான். எனக்கு முக்கால்வாசி திருப்தி. மீதிக் கால்வாசியை நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பழனி மலையடிவாரம்